பல் டாக்டரின் பவுடர் ஸ்டீல்

பல் டாக்டருக்கு ஒரு கத்தி வேண்டியிருந்தது. கடையில் அட்டையில் செருகித் தொங்கவிட்டிருக்கிற கத்தி இல்லை. மலையேறும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போக, கூடாரக் கயிறு அறுக்க, விறகு பிளக்க, தனக்கென்றே சொல்லிச் செய்த கத்தி. ஆசையில் தப்பில்லை. மனிதர் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் கொஞ்சம் ஆகாயம் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? அவர் இதுவரை கூடாரத்தில் தங்கியது இரண்டே முறைதான் என்பதும், அதில் ஒரு முறை தூறல் போட்டவுடனே காருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார் என்பதும் இங்கே தேவையில்லாத விவரங்கள். இருந்தாலும் சொல்லி வைப்போம்.

தேவையான விவரம் இதுதான்: அந்தக் கத்தியை எந்த இரும்பில், எந்த அளவில் செய்வது என்று முடிவெடுக்க அவருக்குப் பதினொரு மாதம் பிடித்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல அதே மனிதருக்கு நாற்பது நிமிடம் போதுமாக இருந்ததாம். அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதினொரு மாதமும் வதைபட்டவள் கத்தி செய்கிற பட்டறைக்காரி. தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், பாட்டில் மூடி செய்கிற கம்பெனிக்கும் பழைய டயர் கிடங்குக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஷெட் அவளுடையது. உள்ளே பட்டை தீட்டுகிற மெஷின், சாணைக் கல், இரும்பைப் பழுக்க வைக்கிற சின்ன மின்சார உலை, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர் வாளி. வாசலில் ஒரு பலகை. அதில் பட்டறையின் பெயர்கூட இல்லை. ‘எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு இங்கே ஊறுகாய் பாட்டில் விற்கிறார்களோ என்று நினைத்ததும் உண்டு.

அந்தப் பலகைக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இரண்டு தெரு தள்ளி, இதைவிடப் பெரிய ஷெட்டில், ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளுடைய கொழுந்தன். ஒன்பது வருஷம் இருவரும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். இவள் செய்வாள், அவன் விற்பான். ஒருநாள் ஒரே இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆறு கத்திகளில் ஆறு விதமான ஸ்டீல் பெயரை அவன் பொறித்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்துவிட்டாள். “அவங்க கேக்கற பேரைத்தானே அண்ணி போடறேன்? அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்” என்றான் அவன், ஒரு கூச்சமும் இல்லாமல். அன்றைக்கே கணக்கைத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததோடு நிற்காமல் வாடிக்கையாளர்கள் நாலு பேர் எதிரில் அவனை ஃப்ராடு என்றும் சொல்லிவிட்டாள். அவன் முகம் சிறுத்துப் போயிற்று. “ஒரு நாள் உங்க கையும் தப்பும் அண்ணி. அன்னிக்கு நான் சிரிக்கிறேன்” என்றான். அவள் புருஷன் பஸ் டிரைவர். வீட்டில் சண்டை வந்தாலும் ரோட்டை மட்டுமே பார்க்கிற ஜாதி. எந்தப் பக்கமும் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து அவளுக்கு அந்தப் பலகைதான் எல்லாம். கத்தி கொஞ்சம் கோணலாக வந்தால் மன்னிப்புக் கேட்பாள். சொன்ன தேதி தப்பினால் காதில் வாங்காதது போல் இருப்பாள். ஆனால் கத்தியின் மேல் பொறித்த பெயர் ஒன்று, உள்ளே இருக்கிற இரும்பு வேறு என்று யாராவது சொல்லிவிட்டால் அவளால் அந்தத் தொழிற்பேட்டைக்குள் தலைகாட்ட முடியாது. கொழுந்தன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் பக்கத்திலேயே கேட்டிருக்கிறாள்.

சரி, டாக்டருக்கு வருவோம்.

முதல் மாதம் அவர் கார்பன் ஸ்டீல் என்றார். சாதா இரும்பு, நன்றாகக் கூர் ஏறும், விறகில் அடித்தாலும் வெட்டுவாய் உடையாது, ஆனால் துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். இரண்டாம் மாதம் துரு என்ற வார்த்தையே அவருக்குப் பிடிக்காமல் போய், ஸ்டெயின்லெஸ் என்றார். நாலாம் மாதம் ‘ஸ்டெயின்லெஸ் எல்லாம் கேன்டீன் ஸ்பூனுக்கு’ என்று எங்கேயோ படித்துவிட்டார். ஆறாம் மாதம் பவுடர் ஸ்டீல் வந்தது. உலோகத்தை மாவாக்கி அழுத்திச் செய்கிற உசத்தி ரகம். துருவும் பிடிக்காது, கூரும் லேசில் மழுங்காது, விலையைக் கேட்டால் நமக்குத்தான் தலை சுற்றும். ஏழாம் மாதம் ‘அது உடையுமாமே?’ என்று பயந்து மறுபடி கார்பனுக்குப் போனார். எட்டாம் மாதம் திரும்ப வந்தார்.

அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். “டாக்டர், இதை வச்சு என்ன வெட்டப் போறீங்க?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல ஸ்டீல் முடிவாகட்டும்” என்பார்.

அவருக்கு ஒரு கத்திக் குழு இருந்தது. போனில்தான். சில ஆயிரம் பேர், பட்டறைக்காரியும் உண்டு. அதில் டாக்டர் பெரிய தலை. யாராவது ஒரு பாவப்பட்டவன் தன்னுடைய கார்பன் ஸ்டீல் கத்தியைப் படம் பிடித்துப் போட்டால், ‘இதோடு எண்ணெய்க் குப்பியும் பஞ்சும் சேர்த்துத் தருவார்களா? கைக்குழந்தைக்குக் கூட இவ்வளவு துடைக்க வேண்டாமே’ என்று எழுதி மூன்று சிரிப்புப் பொம்மை போடுவார். அப்படி எழுதி ஒருவரைக் குழுவை விட்டே ஓட வைத்திருக்கிறார். தன் பதிவுக்கு ஒரு கட்டைவிரலாவது நிச்சயமாகக் கிடைக்கட்டுமே என்று மனைவியையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். அந்த அம்மாளுக்குக் கத்தியில் எது கைப்பிடி எது வாய் என்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கட்டைவிரலில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஒன்பதாம் மாதம் பவுடர் ஸ்டீல் என்று முடிவாயிற்று. உசத்தி இரும்பில் நேரடியாகக் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இந்த ஆள் நாளைக்கே நீளத்தை மாற்றச் சொல்வார் என்று தெரியாதா? அதனால் அதே அச்சில் சாதா கார்பன் ஸ்டீலில் ஒரு வெள்ளோட்டக் கத்தியும் செய்தாள். இரண்டையும் தனித்தனியே அதனதன் சூட்டில் பழுக்க வைத்து, அதனதன் முறையில் ஆற வைத்து முறையாகவே செய்தாள். தேய்த்து மெருகேற்றிவிட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கைப்பிடிக்குள் போகிற வால் பகுதியின் நுனியில், சாதா இரும்பென்றால் அரத்தால் ஒரு வெட்டு, உசத்தி என்றால் இரண்டு வெட்டு. வேறெங்கும் அடையாளம் வைக்க மாட்டாள். வைத்தால் அழகு கெடுமாம்.

பத்தாம் மாதம் டாக்டர் கைப்பிடியைக் கால் அங்குலம் குறைக்கச் சொன்னார்.

அவள் இரண்டு கத்தியையும் சேர்த்து வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து வால் நுனியை ஒரே வெட்டாக வெட்டினாள். கால் அங்குலம் கீழே விழுந்தது. அதோடு அடையாளமும் விழுந்தது. இடது பக்கம் இருப்பது உசத்தி, வலது பக்கம் சாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வைஸைத் தளர்த்தினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டாக்டர்தான். “அம்மா, ஒரே ஒரு சந்தேகம்...” என்று ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிடம் பேசினார். பேசி முடித்து இவள் திரும்பியபோது மேஜையில் இரண்டு கத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது இடது என்பது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அல்லவா? சாணைக் கல்லில் வாலைக் கொஞ்சம் தொட்டிருந்தால் பறக்கிற பொறியைப் பார்த்தே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. ‘எனக்குத் தெரியாதா’ என்று நினைத்தாள். இந்த இரண்டு வார்த்தைகளால்தான் உலகத்தில் பாதிக் காரியம் கெடுகிறது.

ஒரு கத்திக்கு வால்நட் மரத்தில் கைப்பிடி போட்டாள். பவுடர் ஸ்டீலின் பெயரையும் அதன் கீழே தன் முத்திரையையும் ஆழமாகப் பொறித்தாள். டாக்டர் வந்து குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். இன்னொன்றுக்குக் கயிறு சுற்றி, அட்டைப் பெட்டி கிழிக்கவும் எலுமிச்சம்பழம் நறுக்கவும் தனக்கே வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் டாக்டரின் விமர்சனம் குழுவில் வந்தது. சின்ன நாவல் அளவுக்கு இருந்தது. பதினாறு படம். முடிச்சு விழுந்த விறகைப் பிளந்தாராம், வாயில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லையாம். ‘இது பவுடர் ஸ்டீலால் மட்டுமே முடியும். சாதா இரும்பு வைத்திருக்கும் நண்பர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்’ என்று முடித்திருந்தார். அதைப் படித்துவிட்டு ஏழு பேர் அவளுக்குப் போன் செய்து அதே ஸ்டீலில் கத்தி கேட்டார்கள். ஏழு! இதுவரை ஒரு வருஷத்துக்கு ஏழு வந்தாலே பெரிய விஷயம். அவள் பலகையைத் துடைத்து ஒரு கோட் பெயின்ட் அடித்தாள்.

அதற்கு மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தபோது, முந்தின நாள் எலுமிச்சம்பழம் நறுக்கிய கயிறு சுற்றிய கத்தி தண்ணீர் வாளிக்குள் கிடந்தது. நறுக்கியதும் எப்போதும் துடைத்து வைப்பாள்; அன்றைக்குத் தவறி விழுந்திருக்கிறது. ‘போச்சு, துரு ஏறியிருக்கும்’ என்று எடுத்தாள். ஏறவில்லை. பளபளவென்று இருந்தது. எலுமிச்சை பட்டால் கறுத்துவிடுகிற சாதா இரும்பு, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் கண்ணாடி மாதிரி அவள் முகத்தையே திருப்பிக் காட்டியது. துருப்பிடிக்காத கத்தியைப் பார்த்துப் பயந்துபோனவள் இந்தத் தொழிலில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கயிற்றைப் பிரித்து வாலைச் சாணைக் கல்லில் தொட்டாள். ஒவ்வொரு இரும்புக்கும் பொறி ஒவ்வொரு மாதிரி. சாதா கார்பன் என்றால் வெள்ளை வெளேரென்று நட்சத்திரமாக வெடித்துச் சிதறும். உசத்தி ரகம் என்றால் கஞ்சத்தனமாக நாலு சிவப்புக் கோடு, அதுவும் பாதி வழியில் அணைந்துவிடும். நாலு சிவப்புக் கோடுதான் வந்தது.

அப்படியென்றால் டாக்டரிடம் போனது சாதா இரும்பு. அவள் கையால் பொய்ப் பெயர் பொறித்த சாதா இரும்பு.

உடனே உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள். பலகை வைத்தவள் ஆயிற்றே! மூன்று வாரம் சொல்லவில்லை. குழுவுக்கு ஒரு செய்தி எழுதுவாள், அழிப்பாள். மறுபடி எழுதுவாள், ‘ஒரு சிறு குழப்பம்’ என்று ஆரம்பிப்பாள், அதையும் அழிப்பாள். கொழுந்தனும் அந்தக் குழுவில் இருந்தான், ‘கூர்மை’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு. இரவு சாப்பாட்டில் புருஷன் “என்ன ஆச்சு?” என்று கேட்டான். “ஒண்ணுமில்லை” என்றாள். அவன் மறுபடி ரோட்டைப் பார்க்கப் போய்விட்டான். அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அவள் வேலையை ஆரம்பிக்கவும் இல்லை. ஆரம்பித்தால் பொய்யின் மேல் வீடு கட்டுகிற மாதிரி இருந்தது, விட்டாலும் தூக்கம் வரவில்லை. அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவனை நாலு பேர் எதிரில் அந்த வார்த்தை சொன்னோமே என்று அப்போதுதான் முதல் தடவையாக வலித்தது.

கடைசியில் டாக்டருக்குப் போன் செய்து, “கத்தியைக் கொண்டு வாங்க, கைப்பிடியில ஒண்ணு பாக்கணும்” என்றாள். டாக்டர் முதலில் பிசி என்றார். பிறகு க்ளினிக்கில் பேஷன்ட் என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைத்துனர் வீட்டுக்குப் போகிற வழி என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மாள் உள்ளே வந்ததும், “இதுதானா அந்த இடம்! பதினோரு மாசமா எங்க வீட்ல நாலாவது ஆள் மாதிரி இருந்தீங்க நீங்க” என்று சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு உலையையும் எண்ணெய்த் தொட்டியையும் படம் பிடித்தார். வாசலில் குழாயடியில் ஒரு பூனையைக் கண்டதும் வெளியே போய்விட்டார்.

டாக்டர் உறையிலிருந்து கத்தியை உருவிக் கொடுத்தார். அவள் கையில் வாங்கினாள். வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். மெஷின் எண்ணெய். அலகு முழுக்க மெல்லிசாகத் தடவித் துடைத்திருந்தது. வாயோரம் லேசாக நீலம் பூத்திருந்ததைத் தேய்த்துத் தேய்த்து மறைக்கப் பார்த்த தடமும் இருந்தது. டாக்டரின் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது.

பவுடர் ஸ்டீலுக்கு யாரும் எண்ணெய் தடவ மாட்டார்கள்.

“எப்போ தெரிஞ்சுது டாக்டர்?” என்றாள்.

டாக்டர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ரெண்டாம் நாள். ஆப்பிள் நறுக்கினேன். நீலமாயிடுச்சு.”

“ரெண்டாம் நாளா? விமர்சனம் ரெண்டு வாரம் கழிச்சுத்தானே எழுதினீங்க?”

“எழுதாம என்ன பண்றது? எல்லாரும் தினம் கேக்கறாங்க. மூணு வருஷமா சாதா இரும்பு வச்சிருக்கவனை எல்லாம் நான் என்ன பேச்சு பேசியிருக்கேன்! இப்ப எனக்கே வித்தியாசம் தெரியலைன்னு போய் நிக்கச் சொல்றீங்களா? ஆப்பிள் மட்டும் நறுக்கலேன்னா எனக்குச் சத்தியமாத் தெரிஞ்சிருக்காதும்மா.” சொல்லும்போது அவர் முகம் நிஜமாகவே பரிதாபமாக இருந்தது. தினமும் காலையும் மாலையும் பல் தேய்ப்பது போல் அந்தக் கத்தியை எண்ணெய் போட்டுத் துடைக்கிறாராம். மனைவி கேட்டதற்கு தியானம் என்று சொல்லியிருக்கிறார்.

“தப்பு என்னுது. சரியான கத்தி இதோ இருக்கு” என்று அவள் கயிறு சுற்றியதை எடுத்து வைத்தாள். “கைப்பிடியைக் கழட்டி இதுல மாட்டித் தரேன். ஆனா குழுவுல சொல்லணும். அதைப் படிச்சிட்டு ஏழு பேர் கேட்டிருக்காங்க.”

“சொல்லியே ஆகணுமா?”

அவள் கயிறு சுற்றிய கத்தியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டருக்கு அது போதும். பல் பிடுங்குகிறவர், எங்கே ஆடுகிறது என்று தொட்டவுடன் தெரிந்துகொள்கிற கை. “யோசிங்க. நீங்க மாத்திக் குடுத்திடறீங்க. அப்ப நான் எழுதினது உண்மையாயிடும். நீங்க பொறிச்சதும் உண்மையாயிடும். ஏழு பேருக்கும் அசல் பவுடர் ஸ்டீல்லயே செஞ்சு குடுக்கப் போறீங்க. இதுல யார் ஏமாந்தா? சொல்லுங்க, யாரு?”

நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு மென்மையாக யாராவது எடுத்துச் சொன்னால் எதுதான் நியாயமாகப் படாது! முடிச்சு விறகைப் பிளந்தது சாதா இரும்புதான், உசத்தி இரும்பு அதே முடிச்சில் வாய் உடைந்தாலும் உடையும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கொழுந்தனின் சிரிப்பு கண்ணெதிரே வந்து போயிற்று. “சரி” என்றாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு இழுத்துவிட முடிந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப இதுல இருக்கற பேரை இப்பவே அழிச்சிடுங்க. என் கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்” என்றார் டாக்டர்.

ஆழமாகப் பொறித்தது. உப்புத்தாளால் தேய்த்தால் போகாது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாணைக் கல்லைப் போட்டாள். கத்தியின் பெயர் பொறித்த கன்னத்தைப் பதமாகக் கல்லில் வைத்தாள்.

பொறி பறந்தது. என்ன பொறி! வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் நுனியில் நட்சத்திரமாக வெடித்து ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த இரும்பு ஒரேயடியாகப் பேசிவிட்டது. அவள் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக் குளிர வைத்தாள், மறுபடி கல்லில் வைத்தாள். முதலில் ஸ்டீலின் பெயர் போயிற்று. அப்புறம் அவள் முத்திரையும் போயிற்று. மெஷினை நிறுத்தினாள்.

“அய்யோ, எவ்ளோ அழகு!” என்று வாசலில் குரல் கேட்டது.

டாக்டரின் மனைவி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “முழுசா எடுத்துட்டேங்க. நம்ம கத்தின்னு தெரியற மாதிரி, கைப்பிடியும் வந்திருக்கு. குழுவுலயும் போட்டுட்டேன். ‘என் கணவரின் பவுடர் ஸ்டீல்’னு எழுதி மூணு இதயம் போட்டிருக்கேன். உங்களுக்கு எவ்ளோ பெருமையா இருக்கும்!”

டாக்டரின் வாய் திறந்தது. அவருடைய பேஷன்ட்டுகள் திறப்பதைவிடப் பெரிதாகத் திறந்தது, சத்தம்தான் வரவில்லை. பிறகு வந்தது. “அழி. அழி. உடனே அழி!”

“ஏங்க? ஏற்கனவே அறுபது பேர் பாத்துட்டாங்க. ஒருத்தர் ஏதோ கேக்கறாரு பாருங்க. ‘டாக்டர், இது பவுடர் ஸ்டீலோட பொறி இல்லையே?’ன்னு. இன்னொருத்தரும் அதையே கேக்கறாரு. என்ன கேக்கறாங்க?”

டாக்டர் பட்டறைக்காரியின் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க எழுதுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அது வேற கத்தி, அதே கைப்பிடி போட்ட சாம்பிள்னு ஒரு வரி எழுதிடுங்க. ஒரே வரி.”

அவள் தன் போனை எடுத்தாள். எடுத்த கையிலேயே அது அடித்தது. கொழுந்தன்.

நாலு வருஷத்துக்கு அப்புறம் அவன் பெயர் அந்தத் திரையில் வருகிறது. அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சிரிப்பு வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்பு வரவில்லை. “அண்ணி” என்றான் அவன், அவசரமாக. “வீடியோ பாத்தேன். எப்படி ஆச்சு? சரி, அதை விடுங்க. ஒண்ணும் ஒத்துக்காதீங்க. வேற கத்தின்னு சொல்லிடுங்க. நானும் குழுவுல வந்து, ஆமா, அந்தச் சாம்பிளை நான் பாத்திருக்கேன்னு எழுதறேன். யாருக்குத் தெரியப் போகுது?”

பாசமாகத்தான் சொன்னான். அதில் துளிக்கூட நடிப்பில்லை. அண்ணி மாட்டிக்கொண்டாள் என்றதும் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். அவன் சிரித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. இவனோடு ஒரே தராசில், ஒரே தட்டில் தானும் கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று பட்டது.

“தம்பி” என்றாள். “அது அந்தக் கத்திதான். தப்பு என்னுது. பேரு மாறிப் போச்சு. மூணு வாரமாத் தெரியும், சொல்லாம இருந்தேன். அன்னிக்கு உன்னை நாலு பேர் எதிர்ல சொன்னேன்ல? அந்த வார்த்தையை இப்ப என்னைச் சொல்லிக்கோ.”

“நான் எதுக்கு அண்ணி...” என்றான். முடிக்காமல் வைத்துவிட்டான்.

அவள் நின்றபடியே குழுவுக்கு எழுதினாள். இந்த முறை அழிக்கவில்லை. டாக்டரிடம் போனது சாதா கார்பன் ஸ்டீல், முத்திரை தப்பு, தப்பு என் கையுடையது, ஏழு பேரும் மனசு மாறினால் மாறிக்கொள்ளலாம். டாக்டருக்கு எப்போது தெரியும் என்பதை மட்டும் எழுதவில்லை. அது அவர் எழுத வேண்டியது. டாக்டர் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றி முழுக்க எண்ணெய் ஆயிற்று.

அவர் மனைவி மேஜையில் இருந்த இரண்டு கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்றார். கேட்டது கிண்டலுக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினொரு மாதம் இந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் படித்த மனிதர் மஞ்சள் துணியை மடித்துப் பையில் வைத்தார். “துடைக்கணும்” என்றார் கடைசியில். “இதைத் துடைக்கணும். அதைத் துடைக்க வேண்டாம்.”

“அவ்ளோதானா?” என்றார் அந்த அம்மாள்.

பட்டறைக்காரியின் போன் டிங் என்றது. ஏழு பேரில் முதல் ஆளிடமிருந்து செய்தி. அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படித்தாள். ‘உண்மையைச் சொன்னதற்கு நன்றி. விறகைப் பிளந்தது சாதா இரும்புதான் என்றால் எனக்கும் அதிலேயே செய்து கொடுங்கள். ஆனால் பெயர் மட்டும் பவுடர் ஸ்டீல் என்றே பொறித்துவிடுங்கள். நண்பர்கள் பார்ப்பார்கள்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, ‘நான் அப்படி எழுத மாட்டேன். அதற்கு ஆள் இருக்கிறார், நல்ல மனிதர், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்’ என்று எழுதி, கொழுந்தனின் நம்பரை அனுப்பிவிட்டு, டாக்டரின் கத்தியிலிருந்து கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தாள்.